ஷிமானேயில் ஐந்து நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். டோக்கியோவும் கியோட்டோவும் போன தடவையே பார்த்தாயிற்று. நவம்பரில் மறுபடி ஜப்பான் போகிறீர்கள். மனைவியும் 67 வயது அம்மாவும் கூட வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். கையில் ஐந்து நாள். ஷிமானே மாநிலத்தில் பகுதிவாரியாக முக்கியமான இடங்களைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் வேண்டுமென்றால் எந்தச் சுற்றுலா அலுவலகத்திலும் இலவசமாகக் கொடுப்பார்கள். ஐந்து நாளில், அம்மாவையும் வைத்துக்கொண்டு, எதை விட்டால் வருத்தப்பட மாட்டோம் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மட்சுயே நகரத்தில் ஏழு வருடம் மென்பொருள் வேலையில் இருந்தேன். ரூபி நிரல்மொழியை உருவாக்கிய யுகிஹிரோ மட்சுமோட்டோ வசிக்கும் ஊர் என்பதால் அந்தச் சின்ன நகரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கும் வேலை இருந்தது. நண்பர்களின் அப்பா அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றியே பாதி வழிகாட்டி ஆகிவிட்டேன். ஷிமானேயில் இசுமோ, இவாமி பகுதிகள் இரண்டும் எனக்கு நன்றாகப் பழக்கம். ஓகித் தீவுகளுக்கு இரண்டே முறை போயிருக்கிறேன், அதுவும் கோடையில். ஆகவே அந்தப் பகுதி பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷிமானே, ஹொன்ஷு தீவின் மேற்குப் பக்கத்தில், ஜப்பான் கடலை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 230 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு போலக் கிடக்கிறது. மக்கள்தொகை 7 லட்சத்துக்கும் குறைவு; ஜப்பானில் இதைவிடக் குறைவாக ஆட்கள் இருப்பது பக்கத்து டோட்டோரியில் மட்டும்தான். பழைய காலத்தில் இது மூன்று நாடுகள்: கிழக்கே இசுமோ, மேற்கே இவாமி, கடலுக்குள் ஓகி. இன்றும் பேச்சு, கூரை ஓட்டின் நிறம், திருவிழா எல்லாம் மூன்றிலும் வேறு வேறு. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் கிடையாது. கடலோரமாகப் போகும் சன்இன் ரயில் பாதைதான் முதுகெலும்பு. எல்லோரும் செய்யும் தவறு, மட்சுயேவில் அறை போட்டுக்கொண்டு தினமும் போய்த் திரும்ப நினைப்பது. கிழக்கில் நுழைந்து மேற்கில் வெளியேறுங்கள். போன வழியிலேயே திரும்பாமல் இருந்தாலே உங்களுக்கு அரை நாள் மிச்சம்.

நுழைவதற்கு ஒகயாமாவில் ஷின்கான்சென்னிலிருந்து இறங்கி யகுமோ விரைவு ரயிலில் ஏறுங்கள். மலையைக் குறுக்கே கடந்து மட்சுயே சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வளைவுகள் அதிகம், பழைய வண்டியில் வாந்தி வராதவர்கள் குறைவு. 2024 ஏப்ரலில் புது வண்டிகள் வந்தபின் எவ்வளவோ தேவலை. ஆனாலும் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். டோக்கியோவிலிருந்து நேரே வருவதானால் சன்ரைஸ் இசுமோ என்ற இரவு ரயில் இருக்கிறது, ஏறக்குறைய 12 மணி நேரப் பயணம். ஜப்பானில் இன்றைக்குத் தினசரி ஓடும் படுக்கை வசதி ரயில் இதுவும் இதோடு சேர்ந்து கிளம்பும் சன்ரைஸ் செதோவும்தான். விற்பனை தொடங்கும் நாளிலேயே டிக்கெட் தீர்ந்துவிடும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மட்சுயேவில் கோட்டை கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. ஜப்பானில் பழைய மூலக்கட்டடமாகவே நிற்கும் கோட்டைக் கோபுரங்கள் 12தான். அவற்றில் ஒன்று இது. 1611இல் கட்டி முடித்தது. இதற்கு ஒரு கதை உண்டு, இது ஆவணத்தில் இருக்கும் கதை. 1875இல் அரசாங்கம் கோட்டைகளை ஏலம் விட்டபோது இந்தக் கோபுரம் 180 யென்னுக்குப் பழைய மரமாக விலை போயிற்று. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பணத்தைத் தாங்களே திரட்டிக் கொடுத்து மீட்டார்கள். கட்டிய வருடம் எழுதிய வேண்டுதல் பலகைகள் காணாமல் போய், 2012இல் பக்கத்துக் கோயிலில் கிடைத்தன. அந்த ஆதாரம் கைக்கு வந்தபின்தான் 2015இல் தேசியப் பொக்கிஷம் என்ற அந்தஸ்து கிடைத்தது. உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு ஏணி மாதிரிச் செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம்.

அவருக்கு அகழிப் படகு இருக்கிறது. கோட்டையைச் சுற்றிய அகழியில் ஐம்பது நிமிடம் மெதுவாகப் போகும். சில பாலங்கள் மிகவும் தாழ்வு. அங்கே வந்ததும் படகோட்டி ஒரு பொத்தானை அமுக்குவார், கூரை அப்படியே கீழே இறங்கும், எல்லோரும் முன்னால் குனிந்து மூக்கு முழங்காலில் இடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். என் நண்பனின் அம்மா அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் படகோட்டி துடுப்பை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன், பிறகுதான் துடுப்பே இல்லை, மோட்டார்ப் படகு என்று உறைத்தது. குளிர்காலத்தில் நடுவில் கொத்தட்சு, அதாவது கீழே சூடு வைத்துப் போர்வை மூடிய தாழ்ந்த மேஜை, போட்டுவிடுவார்கள். காலுக்கு இதமாக இருக்கும்.

அகழியின் வடகரையில்தான் லஃப்காடியோ ஹெர்ன் குடியிருந்த வீடு. கிரேக்கத் தீவில் பிறந்த இவர் 1890இல் ஆங்கில ஆசிரியராக வந்து, இங்கே செட்சு என்ற பெண்ணை மணந்து, கொய்சுமி யகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டு பேய்க்கதைகள் எழுதியவர். மட்சுயேவில் இருந்தது பதினைந்து மாதம்தான். ஊர் அவரை நூறு வருடத்துக்கு மேலாகக் கொண்டாடுகிறது. வீடு சின்னது. மூன்று பக்கமும் தோட்டம் தெரியும் அறையில் கால் மணி நேரம் உட்காரலாம். மாலையில் ஷிஞ்சி ஏரிக்கரை. ஷிமானே கலை அருங்காட்சியகம் கரையிலேயே இருக்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை மூடும் நேரமே சூரியன் மறைந்து அரை மணி கழித்து என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் போகும் நவம்பரில் அது இல்லை, வெளியே கரையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. சன்இன் என்கிற இந்த ஜப்பான் கடலோரப் பகுதியில் ஒரு சொலவடை உண்டு: சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே. நவம்பருக்கு அது அப்படியே பொருந்தும்.

மட்சுயேவுக்குக் கிழக்கே யசுகியில் அடாச்சி அருங்காட்சியகம். தோட்டங்களுக்கான ஒரு அமெரிக்கச் சஞ்சிகை 2003 முதல் ஆண்டுதோறும் ஜப்பானியத் தோட்டங்களில் முதலிடம் என்று இதைத்தான் சொல்லி வருகிறது. தரவரிசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் தோட்டம் உண்மையிலேயே அசர வைக்கும். ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. கட்டடத்துக்குள் நடந்தபடி கண்ணாடிச் சுவர்கள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு ஜன்னல் சட்டமே ஓவியச் சட்டமாக, வெளியே தெரியும் மணலும் பைன் மரமும் சுருள் ஓவியமாக ஆகும்படி அடாச்சி சென்கோ 1970இல் அமைத்தது. பின்னணியில் தெரியும் மலைகள் தோட்டத்தின் பகுதிபோலவே தோன்றும். 'நடக்க முடியாத தோட்டத்துக்கு இவ்வளவு டிக்கெட்டா' என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தவர்களையும் நான் கூட்டிப் போயிருக்கிறேன். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல தோட்டம் கிடையாது. எல்லாம் சமதளம், மழை பெய்தாலும் நனைய வேண்டாம். யசுகி ரயில் நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து விடுகிறார்கள்.

அடுத்தது இசுமோ பெருங்கோயில், இசுமோ தைஷா. மட்சுயேவிலிருந்து போவதானால் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) வண்டி வேண்டாம், ஏரியின் வடகரை ஓரமாகப் போகும் இச்சிபதா என்ற தனியார் ரயிலில் போங்கள். ஒன்று அல்லது இரண்டு பெட்டிதான். வழியில் இச்சிபதாகுச்சி என்ற நிலையத்தில் சமதரையிலேயே வண்டி நின்று, ஓட்டுநர் எழுந்து மறுமுனைக்கு நடந்துபோய், வந்த திசையை மாற்றி ஓட்டுவார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துப் பார்த்து, தவறான வண்டியில் ஏறிவிட்டோமோ என்று பதறுவார்கள். பதற வேண்டாம். பெரும்பாலான வண்டிகளுக்குக் கவாதோவில் மாற வேண்டியிருக்கும்.

கோயிலில் வழக்கத்துக்கு மாறான சில விஷயங்கள் உண்டு. நுழைவுப் பாதை இறக்கமாகச் சரியும். மற்ற கோயில்களில் பெரும்பாலும் மேலே ஏறித்தான் போவோம். கும்பிடும்போது மற்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டு முறை கைதட்டுவார்கள், இங்கே நான்கு. இருமுறை வணங்கி, நான்கு முறை தட்டி, மறுபடி ஒருமுறை வணங்க வேண்டும். இப்போதுள்ள மூலக்கட்டடம் 1744இல் எழுப்பியது, உயரம் 24 மீட்டர். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று கூரையைத்தான் பார்க்க முடியும். தொங்கும் பெரிய வைக்கோல் கயிறு, படங்களில் எல்லாம் வருவது, அது மேற்குப் பக்கத்து ககுரதென் மண்டபத்தில் இருக்கிறது. நீளம் 13 மீட்டருக்கு மேல், எடை 5 டன்னைத் தாண்டும். அதன் அடிப்பகுதியில் காசை எறிந்து செருகும் பழக்கம் ஒன்று பரவியிருந்தது. கோயிலார் வேண்டாம் என்கிறார்கள், செய்யாதீர்கள்.

அந்தக் காலத்தில் இந்தக் கோயில் 48 மீட்டர் உயரத்தில் இருந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு கோயில் வளாகத்தைத் தோண்டியபோது, மூன்று பெரிய தேவதாரு மரங்களைச் சேர்த்துக் கட்டிய, குறுக்களவு ஏறக்குறைய 3 மீட்டர் வரும் தூண்கள் கிடைத்தன. கோயில் குடும்பத்திடம் இருந்த பழைய வரைபடம் ஒன்றில் அதே மாதிரி மும்மூன்று வட்டங்கள் முன்பே வரைந்திருந்தன. அதுவரை யாரும் அதை முழுசாக நம்பவில்லை. இது உறுதி. தூண்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றின் மேல் கட்டடம் எவ்வளவு உயரம் நின்றது என்பது ஊகம்தான். பக்கத்திலேயே இருக்கும் பழங்கால இசுமோ அருங்காட்சியகத்தில் தூணின் மூலத்தையே வைத்திருக்கிறார்கள். அதே ஆதாரத்தை வைத்து வெவ்வேறு அறிஞர்கள் வெவ்வேறு உயரத்தில் செய்த மாதிரிக் கட்டடங்களையும் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு அருங்காட்சியகம் தன் சந்தேகத்தை இப்படி வெளிப்படையாகக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அங்கேயே இன்னொரு சுவர் முழுக்க வெண்கல வாள்கள். 1984இல் கோஜின்தானி என்ற சின்னப் பள்ளத்தாக்கில் விவசாயச் சாலை போடுவதற்கு முன் ஆய்வு செய்தபோது ஒரே குழியில் 358 வாள்கள் கிடைத்தன. அதுவரை ஜப்பான் முழுவதும் கிடைத்திருந்தவற்றை எல்லாம் கூட்டினாலே சுமார் 300தான். இசுமோ வெறும் புராணத்தில் வரும் நாடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நவம்பரில் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று: பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் நாட்டின் தெய்வங்கள் எல்லாம் இங்கே கூடுகின்றன என்று நம்பிக்கை. அவற்றை வரவேற்கும் சடங்கு பக்கத்து இனாசா கடற்கரையில் இரவில் தீ மூட்டி நடக்கும். தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ விழும். அந்த வாரமானால் அறைகளை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

இசுமோவின் தெற்கே மலைப்பகுதி, ஓகுஇசுமோ. இரும்பு மணலை மரக்கரியோடு களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு எரித்து உருக்கு எடுக்கும் ததரா முறை இங்கே செழித்தது. சுகயா என்ற ஊரில் பழைய உலைக்கூடம் ஒன்று கட்டடத்தோடு நிற்கிறது. அந்த மாதிரி மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். வாள் செய்யும் உருக்குக்காக 1977இல் யொகொட்டாவில் ஓர் உலையைத் திரும்ப மூட்டி, இன்றும் குளிர்காலத்தில் எரிக்கிறார்கள். எனக்கு ஷிமானேயிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஆனால் சொந்தமாக ஓட்டக் கார் இல்லாமல் போனால் ரயிலுக்குக் காத்தே நாள் கழிந்துவிடும். இந்தியாவில் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச உரிமம் அங்கே செல்லும், நம்மூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கார் எடுப்பதாக இருந்தால் ஒரு நாள் கொடுங்கள், இல்லாவிட்டால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு விடுங்கள்.

இவாமியில் முக்கியமானது வெள்ளிச் சுரங்கம், இவாமி கின்சான். 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உலக வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து போனது என்று பலகைகளில் பார்ப்பீர்கள். அது ஒட்டுமொத்த ஜப்பானுக்கான மதிப்பீடு, அதில் பெரும்பங்கு இவாமியுடையது. மதிப்பீடு மதிப்பீடுதான். 30 வயது தொட்ட சுரங்கத் தொழிலாளிக்கு நீண்ட ஆயுள் என்று விருந்து வைத்துக் கொண்டாடினார்கள் என்பதும் வழிவழியாகச் சொல்லி வருவது. 1530களில் ஈயத்தோடு சேர்த்து உருக்கி வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்தபின்தான் இந்த இடம் எழுந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

போய்ப் பார்த்தால் சுரங்கம் என்று எதுவும் கண்ணுக்குப் படாது, காடுதான். பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதைத் தள்ளிவைக்கலாம் என்று ஆலோசனைக் குழுவே முதலில் சொல்லியிருந்தது. அத்தனை வெள்ளி எடுத்தும் மரத்தை வெட்டி வெட்டி நட்டு, காட்டை அழியாமல் வைத்திருந்தார்கள் என்பது ஜப்பான் எடுத்துவைத்த வாதங்களில் முக்கியமானது. 'இதுக்கா இவ்வளவு தூரம்' என்று கேட்டவர்கள் உண்டு. நான் ஓமோரி தெருவுக்காகவே ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். சுமார் 400 பேர் வாழும் ஊர், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மர வீடுகள், மேலே இவாமிக்கே உரிய செம்பழுப்பு ஓடு. குளிர்பான இயந்திரத்துக்குக்கூட மரச்சட்டம் போட்டு மறைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் போகக்கூடிய ரியுகென்ஜி சுரங்கம் அங்கிருந்து மேலே 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மெல்லிய ஏற்றம், பேருந்து கிடையாது. நீங்களும் மனைவியும் மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போய்வாருங்கள். மொத்தம் 600 மீட்டர் சுரங்கத்தில் 157 மீட்டர்தான் திறந்திருக்கிறது, சுவரில் உளித் தடம் இன்னும் தெளிவாக இருக்கும். அதுவரை அம்மா கீழே குமகாய் என்ற வணிகர் குடும்பத்து வீட்டைப் பார்க்கலாம். அந்தச் சமையலறையும் அடுப்புகளும் அவருக்குச் சுரங்கத்தைவிடப் பிடிக்கும்.

அன்றிரவு யுனொட்சுவில் தங்குங்கள். வெள்ளியோடு தொடர்புடைய பழைய துறைமுகம், ஒரே தெரு, இரண்டு பொதுக் குளியல்கூடங்கள். வெந்நீர் ஊற்று நீர் கொதிக்கும், உள்ளூர்ப் பெரியவர்கள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானும் இறங்கி, ஒரு நிமிடத்தில் இறால் மாதிரிச் சிவந்து எழுந்தேன். ஆண் பெண் தனித்தனி, ஆனால் ஆடையில்லாமல்தான் இறங்க வேண்டும். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் மட்சுயேவுக்கு அருகே தமட்சுகுரியில் ஆற்றோரம் கால் நனைக்கும் தொட்டிகள் இருக்கின்றன, அங்கே சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். யுனொட்சுவுக்குச் சனிக்கிழமை விழும்படி நாளை அமைக்க முடிந்தால் இரவு கோயிலில் இவாமி ககுரா என்ற முகமூடி நடன நாடகம் பார்க்கலாம். மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த, 17 மீட்டர் அளவுக்கு நீளும் பாம்புகள் மத்தளச் சத்தத்தில் உங்கள் மடிமேல் வந்து விழும். நிகழ்ச்சி உண்டா என்று முந்தின வாரமே விசாரித்துவிடுங்கள்.

ஓகித் தீவுகளை இந்தத் தடவை விடச் சொல்வேன். 257 மீட்டர் செங்குத்தாகக் கடலில் இறங்கும் மதென்காய் பாறை, அதன் தலையில் மேயும் குதிரைகள், நாடு கடத்தப்பட்ட கோதோபா பேரரசர் 1239இல் இறந்த அமா என்ற ஊர், எல்லாம் அருமை. ஆனால் சாதாரணக் கப்பலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும், நவம்பரில் கடல் முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும், கப்பல் ரத்தானால் உங்கள் ஐந்து நாளில் இரண்டு போச்சு. அதற்கென்றே ஒரு ஜூன் மாதம் வாருங்கள்.

சாப்பாட்டு விஷயம். இசுமோ சோபா என்ற நூடுல்ஸ் மூன்றடுக்கு அரக்குக் கிண்ணத்தில் வரும், குழம்பை மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குழம்பு மீன் சாறு. 'மீன் இல்லை, இறைச்சி இல்லை' என்று சொன்னால் தட்டிலிருக்கும் மீன் துண்டை எடுப்பார்கள், சாற்றை எடுக்க மாட்டார்கள், அது அவர்களுக்கு மீன் கணக்கிலேயே வராது. காலை மிசோ (சோயா விழுது) சூப்பில் ஷிஞ்சி ஏரிச் சிப்பி கிடக்கும். விடுதியில் முன்பதிவு செய்யும்போதே மீன் சாறும் ஆகாது என்று எழுதிவிடுங்கள். நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது இசுமோ கோயில் தெருவில் விற்கும் சென்சாய்: சர்க்கரை போட்டு வெந்த சிவப்புப் பயறு, அதில் மிதக்கும் அரிசி மாவு உருண்டை. அது பிறந்ததே இசுமோவில்தான் என்பது ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடும் கதை. அப்புறம் மட்சுயேவில் பச்சைத் தேநீரும் இனிப்பும். ஃபுமாய் என்ற தேநீர்ப் பித்தர் 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்டதால் இன்றும் அதற்குக் குறைவில்லை. தயிரும் ஊறுகாயும் கையோடு இருக்கட்டும். கன்வீனியன்ஸ் கடைகளில் உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை தேடினால் கிடைக்கும்.

கடைசி நாள் யுனொட்சுவிலிருந்து மேற்கே சுவானோ. மலைக்கிடுக்கில் ஒரு சின்னக் கோட்டை ஊர், வெள்ளைச் சுவர் ஓரமாக ஓடும் வாய்க்கால்களில் கொழுத்த வண்ண மீன்கள். மலைமேல் இருக்கும் இனாரி கோயிலுக்கு ஆயிரத்தைத் தொடும் சிவப்புத் தோரணங்களுக்குள் படியேறிப் போகலாம். அம்மாவுக்கு டாக்சி மேல்வாசல் வரை போகும். அங்கிருந்து சூப்பர் ஓகி ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஷின்-யமகுச்சி, ஷின்கான்சென் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த ரயில் ஒரு நாளைக்கு மூன்றே மூன்று. கிளம்பும் முன் புது அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை நான்கு நிமிடத்தில் கோட்டை விட்டு, அடுத்த வண்டி வரும்வரை வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று பொட்டலம் மீன் தீனி வாங்கிப் போட்டுத் தீர்த்தேன். மூன்றாவது பொட்டலத்துக்கு மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.